ஒன்பது கோட்டு விரிசல்

காருக்கு முன்பக்கக் கண்ணாடி என்று ஒன்று வைத்திருப்பதே ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை என்று டாக்சிக்காரர் சந்தியாகு பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மாதத்தில்தான், அது விவரம் தெரியாதவர்களின் நம்பிக்கை என்பது அவருக்கு விளங்கிற்று.

கோயமுத்தூர் ரயிலடியில் அவருடைய கறுப்பு மோரிஸ் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய மாதா கோவில் பங்கில் கலியாணமான பெண்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மணப்பெண்ணைக் கோவில் வாசலில் கொண்டுபோய் இறக்குவது எப்போதும் அந்தக் கார்தான். ஊரார் பெண்களையெல்லாம் இறக்கியவர், வருகிற தை மாதம் தம் ஒரே மகள் கிருபாவதியை அதே காரில் வைத்துத் தாமே ஓட்டிப்போய்க் கருமத்தம்பட்டிக் கோவிலில் இறக்கப் போகிறார். மாப்பிள்ளைக்கும் அந்த ஊர்தான். மனைவி போய் எட்டு வருஷமாயிற்று. இந்த எட்டு வருஷத்தில் அவர் தமக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒரு சவாரிக்குத்தான்.

சத்தியமங்கலத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, முன்னால் போன மூங்கில் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து வந்து கண்ணாடியின் நட்டநடுவில் விழுந்தது. கண்ணாடி கொட்டிப்போகவில்லை. நடுவிலிருந்து நாலா பக்கமும் கோடு கோடாக விரிசல் ஓடி நின்றுகொண்டது. உக்கடத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இஸ்மத் பாய் அரை மணி நேரத்தில் புதுசு மாட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால் சந்தியாகு சட்டத்துக்குப் பயந்தவர். முதலில் சர்க்கார் கச்சேரியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று போனார். இதைக் கெட்ட நேரம் என்று சொல்லக்கூடாது. நல்ல புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். தொல்லை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

மோட்டார் வாகன முகப்புச் சோதனைக் கச்சேரியில் யாரும் யாரையும் விரட்டியது கிடையாது. முடியாது என்பதைக்கூட அங்கே ஒரு டம்ளர் மோர் கொடுத்துத்தான் சொல்வார்கள். கண்காணிப்பாளர் சென்னகிருஷ்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. மோர் சாப்புடுங்க."

"கண்ணாடி ஒடஞ்சுபோச்சுங்க. மாத்திக்கலாமுங்களா?"

"இதென்னங்க கேள்வி? தாராளமா மாத்துங்க. ஒடஞ்ச கண்ணாடியோட ஓட்டுனா குத்தமுங்களே!"

சந்தியாகு சந்தோஷமாக மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஆனா பழைய கண்ணாடிய எடுக்கக் கூடாதுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

சந்தியாகு மறுபடி உட்கார்ந்தார்.

கண்காணிப்பாளர் பேரேட்டைப் புரட்டி, காரின் பக்கத்தை எடுத்து வைத்தார். அதில் 'முகப்புக் கண்ணாடியின் சிறப்பம்சங்கள்' என்று ஒரு பத்தி. நாலு வரி விட்டிருந்தது. அரசாங்கம் நாலு வரி விட்டிருக்கிறதென்றால் நாலு சிறப்பம்சம் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நாலு வருஷத்துக்கு முன் சோதனை நாளன்று அவரே கண்ணாடியை உற்றுப் பார்த்து நிரப்பியிருந்தார். மேல்விளிம்பில் வெயிலுக்குப் பச்சைச் சாயப் பட்டை, ஒன்று. இடது மூலையில் கண்ணாடியிலேயே வைர ஊசியால் கீறிய தகுதி முத்திரை, ஒன்று. வலது மூலையில் ஒட்டிய மாதா படம், ஒன்று. பல்லி, ஒன்று.

"பல்லிங்களா?"

"அன்னைக்கு இருந்துதுங்களே. நானா போட்டுக்கிட்டேன்? எங்கீங்க அது?"

"அது அன்னைக்கே ஓடிப்போச்சுங்க."

"போனதுக்குத் தாக்கல் கொடுத்தீங்களா?"

சந்தியாகு கொடுக்கவில்லை. குற்றம் செய்தவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

"போகட்டும், அதைப் பொறகு பாக்கலாம். முத்திரைதானுங்க முக்கியம். உங்க முத்திரைக்கு ஒரு கீறல் இல்லீங்க, உசுரோட இருக்குது. அது இருக்கறப்ப புதுக் கண்ணாடியில இன்னொண்ணு போட்டா, ஒரு வண்டி ரெண்டு வண்டின்னு ஆயிருமுங்க."

"அந்த மூலைய மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிக்கிட்டா?"

"ஐயையோ! முத்திரை வாங்குன கண்ணாடியோட நாலு மூலையும் வண்டியிலயே இருக்கோணும்னு விதிங்க. நீங்க சொல்றது அத்தனையும் நியாயமுங்க. எனக்கே மனசு கேக்கலீங்க. ஆனா முடியாதுங்க. இன்னொரு டம்ளர் மோர்?"

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதரிடம் 'இது பைத்தியக்காரத்தனமுங்க' என்று எப்படிச் சொல்வது? வேறு சீமையாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். கொங்கு நாட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சந்தியாகு "சரிங்க" என்று சொல்லி, விதியை எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

இஸ்மத் பாய் கச்சேரிக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஏனுங்க, நாலு மூலையும் இருக்கோணும்னு போட்டிருக்குது. நடுவுல என்ன இருக்கோணும்னு போட்டிருக்குதா?"

"இல்லீங்க பாய்."

"அப்ப நடுவு சர்க்காருது இல்லீங்க" என்று சொல்லி, பழைய கண்ணாடியின் நடுப்பாகத்தை ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிட்டார். மிஞ்சிய சட்டத்தை உள்பக்கம் பொருத்தி, வெளிப்பக்கம் புதுக் கண்ணாடியை மாட்டினார். பச்சைப் பட்டை, முத்திரை, மாதா எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நாலாவது சிறப்பம்சத்தையும் விட மனமில்லாமல், ஒரு மூலையில் வார்னிஷால் பல்லி ஒன்றை வரைந்து வைத்தார். சட்டத்தைச் சுற்றி மிச்சமிருந்த விரிசல் கோடுகள் வெயில் பட்டு மினுங்கின. முக்கியமாக, பாதை தெரிந்தது.

சென்னகிருஷ்ணன் டேப் வைத்து அளந்தார், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பல்லியைப் பார்த்தார், மனம் குளிர்ந்தார். 'இரட்டைக் கண்ணாடி அமைப்பு. சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டது' என்று பேரேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். கதை இத்துடன் முடிந்திருக்கலாம். கிருபாவதிக்கு அப்போதே கலியாணத்தை நடத்தியிருந்தால் முடிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மில் முதலாளி அழகிரிசாமி ரயிலிலிருந்து இறங்கினார். அவருடைய சொந்தக் கார் அன்று பழுதாகி நின்றதால் சந்தியாகுவின் காரில் ஏறினார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தவர், பாதி வழியில் கேட்டார்.

"ஏப்பா, இதென்ன ரெண்டு கண்ணாடி? சீமையில வந்த புது மாடலா?"

முதலாளி ஒரு பேச்சுச் சொல்லும்போது டாக்சிக்காரன் மறுத்தால் என்ன மரியாதை?

"ஆமாங்க" என்றார் சந்தியாகு.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஓரமெல்லாம் கோடு போட்டிருக்கானே, நல்ல வேலைப்பாடு."

"ஆமாங்க."

"பல்லி எதுக்கு? சகுனத்துக்கா?"

"ஆமாங்க."

இந்த மூன்று 'ஆமாங்க'வும் ரேஸ் கோர்ஸ் பக்கத்து பங்களாக்களில் செய்த காரியத்தை மூன்று புயல் செய்திருக்காது. மறு வாரமே அழகிரிசாமியின் கார் இஸ்மத் பாய் கடையில் நின்றது. ஓரத்தில் மட்டும் விரிசல் இருந்தால் டாக்சி மாதிரி இருக்கிறது, முழுசாக இருக்கட்டும் என்று அவருடைய மனைவி ராமாமணி சொல்லிவிட்டாள். ஆகவே உள்கண்ணாடியை வெட்டாமல் அப்படியே வைத்து, முழுக்க உடைத்தார்கள். வார்னிஷ் பல்லிக்குப் பதில் வெள்ளிப் பல்லி. அடுத்த வீட்டுக்காரர் தங்கமுலாம் பல்லி வைத்தார். உடைக்கிற கல்லுக்கும் தராதரம் வந்துவிட்டது. சந்தியாகுவுக்குக் கல் விழுந்த இடத்திலேயே பொறுக்கிவர சத்தியமங்கலத்துக்கு டிரைவர்களை அனுப்பினார்கள். "வேற ஊர்க் கல்லுல விரிசல் சுமாராத்தான் உழுகுதுங்க" என்று இஸ்மத் பாயும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகிக்கொண்டார்.

இதில் ஒரு சின்ன அசௌகரியம் இருந்தது. டிரைவருக்குப் பாதை தெரியவில்லை. அதனால் பெரிய வீட்டு டிரைவர்கள் எல்லாரும் பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அதுவும் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறதென்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சென்னகிருஷ்ணன் தினமும் கச்சேரி வாசலில் இந்தக் கார்களைப் பார்த்தார். இத்தனை கனவான்கள் தப்பாகச் செய்ய மாட்டார்கள், மேலிடத்து உத்தரவு இல்லாமலா செய்வார்கள் என்று யோசித்தார். முதலாளிகளோ, கச்சேரிக்காரர் பார்த்தும் சும்மா இருக்கிறாரே, உத்தரவு இருக்கத்தான் வேண்டும் என்று யோசித்தார்கள். நேரில் கேட்டுக்கொள்ள இரண்டு பக்கமும் சங்கோசம். மார்கழி முடிவதற்குள் சென்னகிருஷ்ணன் கையெழுத்திலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. வாடகை வண்டிகள் உட்பட எல்லாக் கார்களிலும் இரட்டைக் கண்ணாடி இருத்தல் வேண்டும். உள்கண்ணாடியின் விரிசலில் கோடுகள் ஒன்பதுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில் சந்தியாகுவின் கார் நிறுத்தப்பட்டது.

"ஓரத்துல மட்டுந்தானுங்க கோடு இருக்குது. முழு விரிசல் எங்கீங்க?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"நடுவுல இருந்துதுங்க. வெட்டினதை நீங்கதானுங்க அளந்து பாத்து ஒத்துக்கிட்டீங்க."

"அது சோதனை முறைங்க. இப்ப சோதனை வெற்றியாயிருச்சு. இந்த ஊருக்கே வழிகாட்டுனவர் நீங்க, உங்க வண்டியிலயே விதிப்படி இல்லீன்னா நாலு பேர் என்னங்க சொல்லுவாங்க?"

"பாதை தெரியோணுமுங்களே! என்ற புள்ளைய வெச்சு ஓட்டப் போறேனுங்க."

"வாஸ்தவமுங்க. ஆனா பாதை தெரியறதைப் பத்திப் படிவத்துல பத்தி ஒண்ணும் இல்லீங்களே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டு, மோர் வரவழைத்தார் சென்னகிருஷ்ணன்.

சந்தியாகுவுக்கு அன்றுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, சாந்தமாகச் சொல்கிற சுபாவத்தையெல்லாம் விட்டுவிட்டு மகளிடம் கத்தினார்.

"நான் இந்த விரிசல் வெக்க மாட்டேன், கண்ணு! வண்டியப் புடிச்சா புடிக்கட்டும். ரெண்டையும் கழட்டி எறிஞ்சுபோட்டு, வெறும் காத்துல உன்னையக் கூட்டிட்டுப் போறேன்!"

கிருபாவதி பூத்தையலிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஏனுங்கப்பா, அப்பிடிச் சொல்றீங்க? மாப்பிள்ளை ஊட்டுல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. இந்த விரிசலைக் கண்டுபுடிச்சவரு பொண்ணுன்னுதானுங்க அந்த ஊருல என்னையப் பத்திப் பேசறாங்க. விரிசல் இல்லாம போயி எறங்கினா என்ற மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

அரசாங்கத்தை எதிர்த்து நிற்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்த மனிதர், இதைக் கேட்டதும் உக்கடத்துக்குக் கிளம்பினார். இஸ்மத் பாய் புத்தம் புதுக் கண்ணாடி ஒன்றை உள்பக்கம் பொருத்தி, கல்லை எடுத்தார்.

"கொடுங்க, நானே போடறேன்" என்றார் சந்தியாகு. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். ஆனாலும் பதினொரு கோடு விழுந்தது.

கலியாணத்தன்று காலையில் கிருபாவதி வெள்ளைச் சேலையில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஊரார் பெண்களை ஏற்றிப் போனபோதெல்லாம் சந்தியாகு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்ப்பதுண்டு. தம் மகள் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். இன்று கருமத்தம்பட்டி போய்ச் சேரும்வரை தலை வெளியே இருந்தது. ஒரு தரம்கூட அவர் மகளைப் பார்க்கவில்லை. அது அவருக்கு ரொம்பவும் வலித்தது. கண்ணில் நீர் வந்தது. எதிர்க்காற்றுக்கு வந்ததென்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கோவில் வாசலில் இருபது கார் வரிசையாக நின்றது. அழகிரிசாமி வந்திருந்தார். சென்னகிருஷ்ணனும் வந்திருந்தார். கோயமுத்தூருக்குச் சோதனைக்கு வந்த சென்னை மேலதிகாரி ஒருவரை, சும்மா இருக்கட்டுமே என்று கையோடு கூட்டி வந்திருந்தார். மேலதிகாரி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கார்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"என்னய்யா இது? எல்லா வண்டியிலயும் கண்ணாடி உடைஞ்சிருக்கு?"

சென்னகிருஷ்ணன் அழகிரிசாமியைப் பார்த்தார். அழகிரிசாமி சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சந்தியாகுவைப் பார்த்தார்கள்.

உண்மை சந்தியாகுவின் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜில்லா முழுவதும் மறுபடி பாதை தெரிந்திருக்கும். ஆனால் கிருபாவதி ஒரு காலைத் தரையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் பெருமையோடு விரிசலைத் தடவி, பக்கத்திலிருந்தவளுக்குக் கோடுகளை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க பக்கத்து வழக்கமுங்க" என்றார் சந்தியாகு.

"வழக்கமா? அப்போ நாம தலையிடக் கூடாது" என்று மேலதிகாரி அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

எழுத்தில் ஏறினால் வழக்கம் கெட்டிப்பட்டுவிடும் அல்லவா? அடுத்த ஆவணியில் அந்தப் பக்கம் நடந்த கலியாணங்களில், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டில் தேங்காய் பழத்துக்கு நடுவே மஞ்சள் தடவிய கல் ஒன்றும் இருந்தது. கார் இல்லாத வீட்டுக்காரர்களும் வைத்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அப்படியெல்லாம் கேட்பது மரியாதையாக இராது.