ஐந்து மணிப் பந்தியின் ஆய்வாளர்

ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. சாப்பிடுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் சொல்ல வந்த பிராணி இந்த மூன்றிலும் சேராது. அது ஓட்டலைப் பரீட்சை செய்யப் போகிறது. முன்னால் ஒரு குழந்தைத் தள்ளுவண்டி, முதுகில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொரு குழந்தை, வாயில் "இது குழந்தைகளுக்கு ஏற்ற இடமா?" என்ற ஒரே கேள்வி என்று, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு பிரன்ஸ்விக் கடைத்தெருவில் டிராம் தண்டவாளத்தைத் தாண்டி வருகிற அந்த அப்பாவைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். வண்டிச் சக்கரம் பெரியது. கால் சின்னது.

அதென்ன ஐந்து மணிக் கணக்கு? மெல்பர்னில் எங்கள் பகுதி ஓட்டல்களில் ஐந்திலிருந்து ஆறரை வரை பிள்ளைகுட்டிக்காரர்களின் பந்தி. ஆறரைக்கு மேசையைத் துடைத்து, கீழே சிந்தியதைப் பெருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். அதற்கு மேல் வருகிறவர்கள் தாடிக்கு எண்ணெய் தடவிச் சீவியவர்கள். ஒரு கோப்பை திராட்சை மதுவை ஒரு மணி நேரம் முகர்ந்து பார்க்க நேரம் உள்ளவர்கள். இரண்டு கூட்டமும் ஆறரைக்கு வாசலில் சந்தித்துக்கொள்ளும்போது ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, சம்பந்தி வீட்டார் தோற்றார்கள்! நம் ஆய்வாளரும் எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆறரைக் கூட்டத்தில் இருந்தவர்தான். "மதுக்கடைக்குக் கைக்குழந்தையைத் தூக்கி வருகிறார்கள், கேட்பாரில்லையா?" என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தில் எனக்கு நெருங்கிப் பழக்கமானவர் ஃபெர்கஸ். பத்தொன்பது வருடமாக நான் குடியிருக்கும் தெருவில் அடுத்த வீட்டுக்காரர். நடுவில் ஒரு மரவேலி. மனைவி ப்ரான்வின். மகள் ஜூனிப்பருக்கு ஐந்து வயது, வெள்ளையாக இருக்கும் பண்டங்களை மட்டுமே சாப்பிடுவாள். மகன் உல்ஃபுக்கு இரண்டு வயது. பிள்ளைக்கு ஓநாய் என்று பெயர் வைத்துவிட்டு, அவன் கடிக்கிறான் என்று அங்கலாய்ப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

ஓட்டல்களைச் சோதித்து இணையத்தில் ஏற்றுகிற பட்டியல் ஒன்று ஃபெர்கஸின் கைபேசியில் இருக்கிறது. எங்கள் பகுதிப் பெற்றோர் நாலாயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. ஓட்டல் வாசலுக்கு வந்ததும் முதலில் கதவின் அகலம். பையிலிருந்து தையல்காரர் நாடாவை எடுத்து அளப்பார். அடுத்தது குழந்தை நாற்காலி. அதில் குழந்தையைக் கட்டும் வார் ஒன்றா, மூன்றா, ஐந்தா, இழுத்தால் தாங்குகிறதா, அவரே பாதி உட்கார்ந்து பார்ப்பார். பிறகு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வண்ணப் பென்சில். எத்தனை நிறம், முனை உடைந்ததா. மேசை மூலையை உள்ளங்கையால் தடவுவார். இரைச்சலை அளக்கக் கைபேசியில் ஒரு கருவி வைத்திருக்கிறார். அளக்கும்போது "எல்லாரும் வழக்கம்போலப் பேசுங்க, வெக்கப்படாதீங்க" என்று பக்கத்து மேசைக்கும் சேர்த்துச் சொல்வார். கடைசியில் பெரிய கேள்வி வரும். ஆண்கள் கழிவறையில் டயபர் மாற்ற மேசை இருக்கிறதா? இது அவருக்குக் கொள்கை விஷயம். மேசை இருந்தால் அவர்தான் மாற்றுவார். இல்லாத இடங்களில், எதிர்ப்பைத் தெரிவிக்கும் விதமாக, ப்ரான்வின் மாற்றுவாள்.

இத்தனையிலும் தேறிய ஓட்டல்கள் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்று வியட்நாம்காரர் கடை, ஒன்று எத்தியோப்பியர் கடை, ஒன்று கிரேக்கர் கடை. மூன்றிலும் குழந்தைகளுக்கென்று ஒரு தனி மெனுத் தாள் கொடுப்பார்கள். மூன்று தாளிலும் பொரித்த கோழி உருண்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டும் இருக்கும், ஓரத்தில் வண்ணம் தீட்ட ஒரு டைனோசர் நிற்கும். முடிவில் கைவிரல் உயரக் கோப்பையில் பால் நுரையை நிரப்பி, மேலே கொக்கோப் பொடி தூவி, குழந்தைக் காபி என்று வைப்பார்கள். அதில் காபியும் இல்லை, குடிப்பதற்கும் ஒன்றுமில்லை. அதை உல்ஃப் தலையில் கவிழ்த்துக்கொள்வான். அப்போது ஃபெர்கஸ் அவன் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்கார்வார்.

"உல்ஃப், உனக்குள்ள ஏதோ பெரிய உணர்ச்சி ஓடுதுன்னு அப்பாவுக்குப் புரியுது, தங்கம். அதுக்கு நாம ஒரு பேரு வைக்கலாமா?"

உல்ஃப் கரண்டியை எறிவான். அதுதான் பெயர்.

இதற்கிடையில் ப்ரான்வின் என்ன செய்கிறாள்? ஒரு கையால் கரண்டியைப் பொறுக்குகிறாள், மறு கையால் ஜூனிப்பரின் கோழி உருண்டையை வெள்ளை தெரியும்வரை சுரண்டி எடுக்கிறாள். அவள் தட்டு எதிரே காத்திருக்கிறது. தட்டுக்குப் பொறுமை உண்டு, சாப்பாட்டுக்குக் கிடையாது. போன மாதம் அவளுக்கு நாற்பது வயது பிறக்க இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டேன்.

"நகை வேணாம், பூ வேணாம். ஒரு தட்டு சாப்பாடு. சூடா. உக்காந்து. கடைசி வாய் வரைக்கும். ஜூனிப்பர் பொறந்ததுலேருந்து நான் எதையும் சூடா முழுசாத் தின்னதே இல்ல. ஆறிப்போன வறுவல் என்ன ருசின்னு கேளுங்க, மணிக்கணக்காச் சொல்வேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கே போக ஆசை என்று கேட்டதற்கு யோசிக்காமல் பதில் வந்தது: நஜ்லா கடை ஆட்டுக்கறிச் சோறு.

நஜ்லா லெபனான் நாட்டு அம்மாள். அந்தக் கடை முப்பது வருடமாக இருக்கிறது. பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், அழுகிறார்கள், இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டால் அதிலேயே தூங்கியும் விடுகிறார்கள். அதற்கெல்லாம் தனியாக ஒரு பட்டியல் உண்டு என்பது மட்டும் நஜ்லாவுக்குத் தெரியாது. ஃபெர்கஸ் தொலைபேசியில் விசாரித்தது வேலி தாண்டி எனக்கும் கேட்டது. அவர் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"வணக்கம், உங்க உணவகம் குழந்தைங்களுக்கு ஏத்த இடமா?"

"ஏன்ப்பா, உன் குழந்தைக்குப் பல்லு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா..."

"அப்ப கூட்டிட்டு வா. சனிக்கிழமை அஞ்சு மணி. ஆறரைக்கு ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் வருது, அதுக்குள்ள மேசையை விட்டுடணும்."

என்னையும் அழைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு வாசலில் நின்றோம். ஐந்தேகால் வரை ஃபெர்கஸ் கதவை அளந்தார். கதவு தேறியது. ஐந்தரை வரை குழந்தை நாற்காலி. அது பழைய மர நாற்காலி, நஜ்லாவின் மூன்று மகன்களும் உட்கார்ந்து வளர்ந்தது, வார் ஒன்றே ஒன்று.

"ஒரு வார்தானா? இதுல யாராவது விழுந்தாங்களா?"

"பெரியவன் விழுந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் எந்திரிச்சான். இப்போ பல் டாக்டரா இருக்கான்."

கைபேசியை எடுத்து அவர் குறித்துக்கொண்டார். குழந்தைகளுக்கான தாளைக் கேட்டதற்கு, "நாம திங்கிறதையே சின்னத் தட்டுல வெப்பேன் கண்ணு, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது, அதையும் குறித்துக்கொண்டார். டைனோசர் இல்லை என்று ஜூனிப்பர் மூக்கைச் சுளித்தாள். ப்ரான்வின் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டு வந்தது. வெண்ணெயில் பொன்னிறமாய்ப் புரண்ட அரிசி, அதன் மேல் எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று விழும் ஆட்டுத் தொடை, அதற்கும் மேல் வறுத்த பாதாம், எல்லாவற்றுக்கும் மேல் ஆவி. ப்ரான்வின் முள்கரண்டியைக் கையில் எடுத்தாள். அதே நேரத்தில் ஃபெர்கஸ் முதுகு மூட்டையைத் திறந்தார்.

இந்த இனத்தின் தலையாய பழக்கத்தை இன்னும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு ஏற்ற ஓட்டலை ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் போய் உட்கார்ந்து, குழந்தைகளுக்கு வீட்டுச் சாப்பாட்டை எடுத்து வைப்பார்கள். நறுக்கிய காரட், உப்பில்லாத அரிசி பிஸ்கட், தோலுரித்த திராட்சை. அன்றைக்கு ஃபெர்கஸ் இவற்றோடு பல்பொருள் அங்காடியில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். கொண்டைக்கடலைத் துவையல். லெபனான்காரர்கள் உயிரை வைத்திருக்கிற ஹம்மஸ். பீட்ரூட் சேர்த்தது. நிறம், கல்யாண வீட்டு ரோஜாப் பந்தலின் நிறம்.

நஜ்லா வந்து நின்றார். டப்பாவைப் பார்த்தார். அதன் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது என்னது?"

"ஹம்மஸ். உல்ஃபுக்கு இந்த நிறத்துல இருந்தாத்தான் பிடிக்கும்."

"என் கடையில. என் மேசையில. டப்பா ஹம்மஸ். சிவப்பா." நஜ்லா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் எலியாஸ், கொஞ்சம் வெளிய வந்து பாரு, இல்லாட்டி நான் சொன்னா நம்ப மாட்டே!"

எலியாஸ், இரண்டாவது மகன், கோழி சுடும் இடுக்கியோடு வந்து பார்த்தான். நம்பினான். நஜ்லா டப்பாவை இரண்டு விரலால் எலிவாலைப் பிடிப்பதுபோலத் தூக்கிக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனார். உல்ஃப் ஊளையிட்டான். இந்த முறை உணர்ச்சிக்குப் பெயர் வைக்க ஃபெர்கஸ் குந்தவில்லை, எழுந்து நின்றார்.

"வெளி உணவுக்குத் தடை! பட்டியல்லயே இதைவிடப் பெரிய குறை கிடையாது. ப்ரான், எந்திரி. கிரேக்கர் கடைக்குப் போயிடலாம், அங்க எட்டு நிறத்துல பென்சில் இருக்கு."

"நீ போ."

"என்னது?"

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு நீ போ. மூட்டையையும் எடுத்துக்கோ. நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

"தனியாவா? இது குடும்பமா வந்த சாப்பாடும்மா! உன் பிறந்தநாள் வேற!"

"ஃபெர்கஸ், இதுலேருந்து ஆவி வருது, தெரியுதா? உனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பதில் சொன்னேன்னா அது போயிடும்."

சொல்லிவிட்டு முதல் வாயை எடுத்து வைத்தாள். ஃபெர்கஸ் என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மூட்டையைக் கைப்பிடியில் மாட்டியிருந்ததால் தேறிய கதவில் வண்டி சிக்கிக்கொண்டது. எலியாஸ்தான் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து எடுத்து விட்டான். பிறகு கண்ணாடிக்கு வெளியே மூன்று முகங்கள் தெரிந்தன. ஃபெர்கஸ் கையால் என்னென்னவோ ஜாடை செய்தார். நஜ்லா அங்கே போய், அவருக்குத் தலையை ஆட்டி மரியாதையாக விடை கொடுத்துவிட்டு, திரையை இழுத்து மூடினார்.

இருபத்திரண்டு நிமிடம். நான் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரான்வின் அவசரப்படவில்லை. எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தாள், தட்டோரத்து அரிசியை விரலால் வழித்தாள், நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறமும் சாப்பிட்டாள். ஆறரைக்கு நிச்சயதார்த்தக்காரர்கள் மேளத்தோடு உள்ளே வந்தபோது தட்டில் எலும்பு மட்டும் இருந்தது.

ஃபெர்கஸ் சும்மா இருப்பாரா? மறுநாளே பட்டியலில் ஏற்றிவிட்டார். "வார் ஒன்று. பென்சில் இல்லை. டைனோசர் இல்லை. உரிமையாளர் துவையலைப் பறிமுதல் செய்கிறார். என் மனைவி எழுந்து வர மறுத்துவிட்டார். குடும்பத்தோடு போவோர் எச்சரிக்கையாக இருக்கவும்." நாலாயிரம் பேரும் படித்தார்கள். அதில் பாதிப் பேர், மனைவி எழுந்து வர மறுத்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்கள் போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு நஜ்லா கடை வாசலில் பதினோரு அம்மாக்கள் நின்றார்கள். தள்ளுவண்டி ஒன்றுகூட இல்லை. ஃபெர்கஸின் பட்டியலால் ஒரு ஓட்டல் நிரம்பியது அதுதான் முதல் தடவை.

சிரிக்கிறீர்களா? நல்லது. நான் கதவை அளக்கிறவன் இல்லை, வாரை இழுத்துப் பார்க்கிறவன் இல்லை, எனக்கும் அந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசியாகக் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனீர்களே, அன்றைக்கு உங்கள் மேசையில் யாருடைய தட்டு ஆறிப்போனது?

ஞாபகமில்லையா? அப்படியானால் அது உங்களுடைய தட்டு இல்லை.