புதன்கிழமைச் சாப்பாட்டு மன்றத்திலிருந்து என் பெயரை நீக்கக் கோரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியம் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

"தனியா எத்தனை நாள்தான்ப்பா சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுவீங்க?" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே முதியோர் மதிய உணவு மன்றத்தில் என் பெயரைக் கொடுத்தாயே, போனேன். வாசலிலேயே சட்டையில் 'புதியவர்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள். எழுபத்து நான்கு வயதில் நான் புதியவர்! போகட்டும் என்று உள்ளே போய்க் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். மேஜையில் இருந்த எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். "அது ஸ்டேஷன் மாஸ்டர் இடம்," என்றார் எதிரே இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா. "வந்தா எழுந்துக்கறேன்," என்றேன். "வர மாட்டார். போன மாசம் போய்ச் சேர்ந்துட்டார்." துள்ளி எழுந்தேன். "அட, உக்காருங்க. நாலு வாரமா அந்த வெறும் நாற்காலியைப் பாத்துக்கிட்டு எங்களுக்குத்தான் சோறு இறங்கல," என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு பல் டாக்டர். அவரும் ஓய்வுபெற்றவர்தான், ஆனால் கண் ஓயவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் குனிந்து உள்ளே பார்த்தார். சூப்பின் ஆவி படுகிறதே என்று நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க, அவரும் கழற்றி வைக்க, திரும்ப மாட்டும்போது ஆள் மாறிப்போனது. முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் ஒரு புள்ளி தப்பாமல் பிழை திருத்தியவன் நான். சூப்பில் உப்பு போதவில்லை என்று நர்ஸம்மா சொன்னதும், அந்தக் கண்ணாடியோடு, பெரிய மனுஷத்தனமாகப் பொதுப் பாத்திரத்திலேயே மூன்று கரண்டி போட்டுக் கலக்கிவிட்டேன். போட்டது சர்க்கரை.

எட்டுப் பேரும், புதிதாக வந்தவர் மனம் நோகக் கூடாதென்று, மூச்சுவிடாமல் குடித்தார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என்னங்க இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான், பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் மேல்வரிசைப் பல் மொத்தமும் கழன்று சூப்புக்குள் விழுந்தது. ஊருக்கெல்லாம் பல் பிடுங்கியவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லையம்மா! நர்ஸம்மா கரண்டியால் துழாவி எடுத்து, "ஆபரேஷன் சக்ஸஸ்!" என்று தூக்கிக் காட்ட, யாரோ கண்ணில் நீர் வரச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். உன் அம்மா போனபிறகு அந்தச் சத்தமே எனக்கு மறந்துபோயிருந்தது.

இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? ஆகவே உடனே போன் செய்து என் பெயரை நீக்கச் சொல். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு ஆயிரம் முத்தம். மழையில் நனைய விடாதே.

இப்படிக்கு,
மானம் போன உன் அப்பா

பின்குறிப்பு: இதை எழுதி மூன்று வாரம் ஆகிறது. தபாலில் போட நேரமே கிடைக்கவில்லை. என்னை மன்றத்துக்குச் செயலாளராக்கிவிட்டார்கள். பெயரை நீக்கச் சொல்லி நீ போன் செய்தால் எடுக்கப்போவது நான்தான். "அதெல்லாம் முடியாதும்மா" என்று சொல்லிவிடுவேன். அதுவும் புதன்கிழமை மத்தியானம் செய்யாதே. நாங்கள் போடுகிற கூச்சலில் மணி அடிப்பதே காதில் விழாது.