பதினாறாம் பக்கம்

வெளிநாட்டு விடுதியின் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் சுற்றுலா வந்த இருபது பேரும் ஆளுக்கொரு நாற்காலியைச் சுற்றக் கிளம்பியதும் கையேட்டுக்காரர் சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வழக்கம் அவர் பெற்ற பிள்ளை.

சுற்றுலா அலுவலகத்தில் வெளிநாட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றிக் கையேடு எழுதுவது அவர் வேலை. கையேடு என்பது ஒரே பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, வெட்டுவது. அதனால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்றுதான் வரும். மூன்று வருஷத்துக்கு முன் இந்த நாட்டைப் பற்றிய சரக்கு பதினைந்தாம் பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. பதினாறாம் பக்கம் காலி. 'விருந்துக்கு உட்காருமுன் நாற்காலியை ஒருமுறை வலமாகச் சுற்றுவது இங்கே மரியாதை' என்று எழுதி நிரப்பினார். நாற்காலியைச் சுற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவர் இங்கே வருவது இதுதான் முதல்முறை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு உடன் வந்திருந்த முதலாளி, கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "உங்க கையேட்டை நம்பித்தான் ஜனங்க வர்றாங்க. அதுல ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சா அன்னைக்கே உங்க சீட்டைக் கிழிச்சிடுவேன்."

விடுதிக்காரர்கள் இன்னும் சமையலறையில்தான் இருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

"சுத்த வேண்டாங்க. வீட்டு விருந்துன்னாதான் சுத்தணும். இது விடுதி."

முதலாளியின் மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையேட்டைத் திறந்தார். "அப்படிப் போடலையே தம்பி?"

"இப்ப மாறிடுச்சுங்கம்மா. வயசானவங்க மட்டும்தான் சுத்துறாங்க."

சுற்ற வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வயசானவர் என்று ஒப்புக்கொள்ள ஆளில்லை. சுற்றாமல் உட்காரவும் துணிச்சலில்லை.

"எல்லாரும் ஏன் என்னையே பாக்குறீங்க?" என்றார் மாமியார்.

முதலாளி பல்லைக் கடித்தார். "என்னய்யா இது? அவங்க கோவிச்சுக்கிட்டா வீட்டுல எனக்குச் சோறு கிடையாது."

"வயசெல்லாம் கணக்கில்லீங்க. எல்லாருக்காகவும் ஒருத்தர் சுத்தினாப் போதும்."

"அப்ப நீங்களே சுத்துங்க. எழுதினவரு நீங்கதானே?" என்றார் முதலாளி.

மொத்தம் இருபத்துநாலு நாற்காலி. கையேட்டுக்காரர் சுற்றினார். பத்தாவதில் வியர்த்தது. பதினாறாவதில் தலை சுற்றியது. பதினெட்டாவதில் சமையலறைக் கதவு திறந்தது.

விடுதிக்கார அம்மாள் வாசலிலேயே நின்றார். பின்னால் சூப்புச் சட்டியோடு பரிமாறும் பெண். கையேட்டுக்காரர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். சீட்டு கிழியும் சத்தம் காதில் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது, அம்மாள் தன் நாற்காலியை நிதானமாக வலமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலைகுனிந்து வணங்கி உட்கார்ந்தார். பரிமாறும் பெண்ணும் சட்டியை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

முதலாளிக்கு மார்பு விம்மியது. "கையேடுன்னா இதுய்யா. ஊருக்குப் போனதும் உங்களுக்குச் சம்பள உயர்வு."

கையேட்டுக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்லில் மாங்காய் விழுந்திருக்கிறது. பரிமாறும் பெண்ணுக்கு நம் பேச்சு தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவள் அவருடைய கிண்ணத்தில் சூப்பு ஊற்ற வந்தபோது மெல்லக் கேட்டார். "இந்த வழக்கம் உங்க நாட்டுல எத்தனை காலமா இருக்கும்மா?"

"எங்க நாட்டுலயா?" என்றாள் அவள். "இது உங்க வழக்கமாச்சேங்க. மூணு வருஷமா வர்ற உங்க ஆளுங்க அத்தனை பேரும் சுத்துறாங்களேன்னு நாங்களும் மரியாதைக்குப் பழகிக்கிட்டோம். உங்க நாட்டுக்குப் போறவங்களுக்காக எங்க ஆளுங்க போட்ட கையேட்டுலயும் இது வந்தாச்சு. கடைசிப் பக்கம் காலியா இருந்துச்சாம்."