முக்கால் அங்குலம்

லான்மடாவ், ரங்கூன். 2003 டிசம்பர் 14, ஞாயிறு, காலை 9.40. கடையில் உள்ள புத்தகம் 213.

மௌல்மீனில் இருக்கும் மாமி நூர் பீவி அவர்களுக்கு மருமகன் பாசிலின் ஸலாம். எனக்கு உடம்பு சுகம், அறிவுக்குத்தான் சுகமில்லை. உங்கள் முழங்கால் வலி தீர துஆ செய்கிறேன்.

எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்துவிட்டு ஒத்தாசைக்கு வந்து உட்கார்ந்தவனுக்குப் போய், நாலு மாதம் முன்பு மவுத்தானபோது, ஒரு வாடகைப் புத்தகக் கடையை மாமா விட்டுப்போனாரே, 214 கௌபாய்க் கதைகள், எல்லாம் பர்மியில், நான் ஒன்றையும் திறந்ததில்லை, மாமா சொல்லித்தான் தெரியும்: கிழவர் மவுத்தாவார், பண்ணை மருமகனுக்கு வரும், பக்கத்துப் பண்ணைப் பெண் குதிரையில் வந்து எதிரே நிற்பாள், அந்த மடையன் குதிரைக்கு லாடம் சரியா என்று பார்ப்பான். வாடகைக்கு எடுப்பவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதுவதும், அடுத்து எடுப்பவர் அதற்குக் கீழே பதில் எழுதுவதும் இங்கே வழக்கம். எனக்கு அது அழுக்கு. போன வாரம் எல்லாவற்றையும் பக்கத்து லத்தா பேட்டையில் பைண்டிங் கடையில் கொடுத்து மூன்று பக்கமும் முக்கால் அங்குலம் வெட்டி வாங்கிவந்தேன். நேற்று எதிர்மாடி இப்ராஹிம் பாய் மகள் ஜஸீலா வந்தாள். ஒன்றைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள், வழக்கம்போல பர்மிய மரியாதையில் 'கோ' போட்டுக் கேட்டாள்.

"ஓரம் எங்க, கோ பாசில்?"

"வெட்டியாச்சு. ஒரே கிறுக்கல்."

"படிச்சீங்களா?"

"குதிரைக் கதைய நான் எதுக்குப் படிக்கணும்?"

"எட்டு மாசமா தமிழ்ல எழுதினேனே, பர்மாக்காரங்க படிக்கவா? இல்ல அந்தக் குதிரை படிக்கவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமி? "எந்தெந்தப் புத்தகம்னு லிஸ்ட் குடு, பாக்கலாம்" என்றேன். வெள்ளிக்கிழமை ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், சரி என்று சொல்லப்போகிறாளாம், போய்விட்டாள். நான் பைண்டிங் கடைக்கு ஓடினேன். வெட்டிய துண்டெல்லாம் டீக்கடை அடுப்புக்குப் போய்விட்டதாம். எட்டு மாதம் ஒருத்தி எனக்கு எழுதியதை, ஒரு வரி படிக்காமல், நானே கூலி கொடுத்து வெட்டியிருக்கிறேன். கடையை விற்றுவிடுங்கள். நான் மலேசியாவுக்கு வயரிங் வேலைக்குப் போகிறேன்.

பிள்ளைகளுக்கு என் துஆ.

பாசில்

பின்குறிப்பு, பகல் 12.15. புத்தகம் 214. டாலாவில் சைக்கா ரிக்‌ஷா ஓட்டும் கருப்பையா அண்ணன், ஆறு மாதமாகத் திருப்பித் தராத புத்தகத்தை இப்போதுதான் கொண்டுவந்தார். வெட்டுப்படாத ஒன்று. 143ஆம் பக்க ஓரத்தில் ஜஸீலா எழுத்து: "இவனாவது கடைசியில் வாய் திறக்கிறான். நீங்கள்?" கீழே மாமா எழுத்து: "அவன் படிக்கமாட்டான் மகளே, நேரில் கேள்." அவள் அதைப் பார்க்கும் முன்பே புத்தகம் டாலா போயிருக்கிறது. "கதை சுமார்தான் தம்பி, அந்த ஓரத்துல உள்ளதுதான் ருசி. அப்புறம் என்னாச்சு?" என்கிறார் கருப்பையா. ஆகவே:

1. கடையை விற்க வேண்டாம்.
2. இந்தக் கடிதம் மௌல்மீன் பஸ் டிரைவர் கையில் வருகிறது. அதே பஸ்ஸில் நீங்கள் ஏறி வந்து, வெள்ளிக்கு முன் எனக்குப் பெண் கேட்கவும்.
3. அதுவரை காத்திருக்க முடியாது. புத்தகத்தோடு இப்போதே எதிர்மாடி ஏறுகிறேன்.
4. அவள் என்ன சொன்னாலும், இறங்கி வந்து முதல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பேன்.