மல்லிகாவின் வெள்ளணுக்கள்

நாய்க்குப் பெண்பிள்ளைப் பெயர் வைத்தவர்கள் அதன் ரத்தத்தை எடுத்துக்கொண்டு மனுஷ ஆஸ்பத்திரி பக்கம் போகவே கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி வளர்த்த நாய் மல்லிகாவுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. குட்டிதான் என்று அண்ணி பாலாக ஊற்றினார். மல்லிகாவோ அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார்.

"உள்ள குட்டியா சீழான்னு தெரியலை. சீழுன்னா ரத்தத்துல வெள்ளணு எக்கச்சக்கமா ஏறியிருக்கும். எங்ககிட்ட டெஸ்ட் பண்ண வசதியில்லை. கடைவீதி லேப்புல குடுத்துப் பாருங்க."

லேப்காரர் சீசாவை வாங்கிக்கொண்டு பேரையும், வயிற்றில் என்ன தொந்தரவு என்பதையும் கேட்டார். சொன்னேன். (நாய் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அந்தாளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றித் தொலைக்கவில்லை.)

"முன்னாடி பிரசவம் ஆயிருக்குதா?"

"ஆறுங்க."

"ஆறா! அப்புறமும் ஜாக்கிரதையா இருக்க வேணாமாய்யா?"

"கட்டித்தாங்க போட்டிருந்தோம். கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாய்கள்மேல் ரொம்பப் பிரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போனபோது குதித்தார். "வெள்ளணு தாறுமாறா ஏறிக் கெடக்குது! உள்ள சீழு வெச்சிருக்கு. இன்னும் வூட்டுலயா வெச்சிருக்கீங்க? உடனே கூட்டியாங்க. பக்கத்து லேடி டாக்டர்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன்."

(லேடி டாக்டர் நாய்க்கும் பார்ப்பார் என்று நம்பிய ஒரே பட்டதாரி நான்தான்.)

குதிரை வண்டி பிடித்தோம். அண்ணி மடியில் போர்வைக்குள் மல்லிகா. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரே தயாராக இருந்தது. நர்ஸம்மா உரக்கக் கேட்டார்:

"மல்லிகா வூட்டுக்காரர் யாருங்க?"

"நாந்தாங்க!" என்று கையைத் தூக்கினேன்.

போர்வையை விலக்கிய நர்ஸம்மாவின் வெள்ளைப் புடவையில் மல்லிகா வாந்தி எடுத்தது. உள்ளே காத்திருந்த கூட்டம் முழுக்க வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. லேடி டாக்டர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ரத்தம் பொய் சொல்லாது. சீழுதான். இங்க நின்னு மானத்த வாங்காம மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுய்யா!"

அன்றைக்கே மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆபரேஷன் செய்து சீழ் பிடித்த கர்ப்பப்பையை எடுத்தார். மல்லிகா பிழைத்துவிட்டது. என் பேர்தான் பிழைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மல்லிகா என்று ஒரு சம்சாரம் இருக்கிறதாம் என்ற சேதி ஸ்ரீமுஷ்ணம் வரை போய், அங்கே எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா நேரில் விசாரிக்க வந்துவிட்டார். அண்ணி அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போய் மல்லிகாவைக் காட்டிய பிறகுதான் கல்யாணமே நடந்தது.

போன வாரம் முழங்கால் வலிக்காக என் மனைவியைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஏறி உட்கார்ந்ததும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்:

"மூத்தாளுக்கு மட்டும் குதிரை வண்டி. எனக்கு டவுன் பஸ்ஸுதானா?"