கொடி தெரியுதா?

செத்தாலும் கண்ணாடி போடுவதில்லை என்று பரிசோதகர் சபதம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சபதத்தை அவர் கண்ணாடி முன்னால் நின்றுதான் எடுத்தார். முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் அவர் முகமே கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரிந்தது. "கண்ணாடியைத் துடைக்க இந்த வீட்டுல ஆளில்லை" என்று மனைவி மேல் பழியைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

வேலை, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதனை. பின் படிக்கட்டில் கால் வைக்கும்போதே, முன் சீட்டில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருப்பவரின் காது சிவப்பதைக் கண்டுபிடித்துவிடுவார் என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு. 'கழுகு' என்பது பட்டப்பெயர். அவரே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது நமக்கெதற்கு?

விதியைப் பாருங்கள், மனைவியும் பரிசோதகர்தான். கண் பரிசோதகர். கடைவீதிக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், வருகிறவர்களைத் தலையை அசைக்கவிடாமல் எதிரே உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?" என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக, வீட்டில் பரிசோதகர்கள் இரண்டு பேர். மாட்டிக்கொள்கிறவர் ஒருவர்.

ஒரு தடவை அந்தப் பின்னறைக்கு இவரையும் இழுத்துப்போனார் மனைவி. பரிசோதகர் சும்மா போவாரா? எழுத்து அட்டையை முந்தின வாரமே மனப்பாடம் செய்துவிட்டார். போய் உட்கார்ந்ததும் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். "ட, ப, ம, ய, ர, ல!"

"ரொம்ப சரிங்க," என்றார் மனைவி. "ஆனா நான் இன்னும் விளக்கே போடலியே."

அதற்கும் அசரவில்லை கழுகு. "இருட்டுலயே தெரியுதுன்னா பாத்துக்கோ!"

பத்தொன்பது வருஷ அனுபவத்தை வைத்து மனைவி பவரைக் கணித்துக்கொண்டார். கறுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடியைத் தயார் செய்து, பெட்டியில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அது போகாத இடமில்லை. கல்யாண வீடு, மார்க்கெட், பிள்ளையின் பள்ளிக்கூடம். கடைசியில் கேம்பர் வேனிலும் ஏறியது.

கேம்பர் வேன் என்பது சக்கரம் வைத்த வீடு. உள்ளே அடுப்பு உண்டு, குழாய் உண்டு, மடக்கினால் சோபா, விரித்தால் கட்டில். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஜன்னல் வைத்த பரண் மாதிரி ஒரு மேல் படுக்கை. நான்கு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். போகிற வழி முழுக்கக் கடற்கரைச் சாலை. ஓட்டுநர் பக்கம் மலை, மறுபக்கம் கடல். நாலாம் நாள் வருவதுதான் விசேஷம். பாறையைக் குடைந்து, கடலுக்கு மேலே தொங்குகிற மாதிரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையைப் பரிசோதகர் வீடியோவில் எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. திரைக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்துதான் பார்ப்பார். தூக்கத்தில்கூட இடது பக்கம் வலது பக்கம் ஸ்டியரிங் திருப்புவார். தலையணை கிழிந்த கதை தனி.

சாவியை நீட்டிய வேன்காரர், "யாரு ஓட்டப் போறீங்க?" என்றார்.

"நான்!" என்றார் பரிசோதகர்.

"நான்," என்றார் மனைவி.

சாவி மனைவி கைக்குப் போனது. எப்படிப் போனது என்பது வேன்காரருக்கே தெரியாது.

"ஏங்க, பெட்டி பையில இருக்கு. கண்ணாடியைப் போடுங்க, இப்பவே சாவி தர்றேன்."

"என் கண்ணு கழுகுக் கண்ணு."

"அப்ப ஒரு பந்தயம். தினம் ஒரு இடத்துல வண்டிய நிறுத்துவேன். ஒண்ணே ஒண்ணு காட்டுவேன். என்னன்னு சொல்லணும். மூணு நாளும் சரியா சொல்லிட்டா, நாலாம் நாள் அந்த நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் உங்களுக்கு. கண்ணாடி பேச்சையே எடுக்க மாட்டேன். ஒண்ணு தப்பினாலும்..."

"தப்பினா?"

"குளிக்கறப்ப, தூங்கறப்ப தவிர மூக்குலயே இருக்கணும்."

"சரி!" என்றார் பரிசோதகர். இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதைப் பார்த்து நீங்கள் சந்தேகப்பட வேண்டாமா? மனைவி பட்டார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பரிசோதகரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மகள். பதினோராம் வகுப்பு. கேட்ட குரலை அப்படியே திருப்பித் தருவாள். கேட்காததையும் தருவாள். இருமலில் மட்டும் ஏழு வகை வைத்திருந்தாள். மேடையில் பேச எழுந்தவர் இருமல், வகுப்புக்குள் நுழையும் தலைமையாசிரியர் இருமல், சினிமாவில் கடைசி ரீலில் சாகப்போகிறவர் இருமல், இப்படி. வேன்காரர் முதுகைத் திருப்பியதும் அவர் குரலிலேயே, "யாரு ஓட்டப் போறீங்க? ஓ, அம்மாவா, அப்ப சரி" என்று முடித்துவிட்டாள்.

மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அப்பாவும் மகளும் ஒப்பந்தம் போட்டார்கள்.

"படகுன்னா இருமு. பறவைன்னா தும்மு. கலங்கரை விளக்கம்னா கொட்டாவி விடு. ஆள் எத்தனை பேரோ, அத்தனை விக்கல்."

"எனக்கு என்னப்பா?"

"மேல் படுக்கை."

"ஜன்னல் பக்கம் தலை?"

"தலை, கால் ரெண்டும் உன் இஷ்டம்."

மகள் தலைமையாசிரியர் மாதிரி ஒரு இருமல் இருமி ஒப்பந்தத்தை உறுதி செய்தாள்.

வேன் கிளம்பியது. கடல் பக்க ஜன்னல் பரிசோதகருக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாக எதையோ கரைத்து ஊற்றியிருந்தது. அதுதான் கடல் என்று சத்தத்தை வைத்து முடிவு செய்தார். "அய்யோ டால்பின்! ரெண்டு! அம்மா, அது சிரிக்குது!" என்று பின்னாலிருந்து மகள் துள்ளினாள். மனைவி ஓரமாக நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார். பரிசோதகரும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல். டால்பின் எப்படிச் சிரிக்கும்? பல் தெரியுமா? கேட்டால் குட்டு உடைந்துவிடும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மண்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

முதல் நாள் சோதனை, ஒரு வளைவில்.

"அதோ, என் விரலுக்கு நேரா. என்ன அது?"

பின்னால் ஓர் இருமல். மேடைப் பேச்சாளருடையது.

"படகு!"

"அட! எத்தனை பேரு இருக்காங்க?"

விக். விக். விக். விக்.

"நாலு பேரு. ஒருத்தருக்குக் கொஞ்சம் தொப்பை." தொப்பை சொந்தச் சரக்கு.

மனைவி வாயைப் பிளந்தார். "சரியா சொல்லிட்டீங்களே!" பிறகு வண்டியின் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "ஏண்டி, என்ன இப்படி இருமற? விக்கல் வேற! ஈரக் காத்து ஒத்துக்கலையோ? இரு, மருந்து தர்றேன்."

அந்த இருமல் மருந்து பழுப்பாக, கெட்டியாக இருக்கும். வேப்பிலையை அதன் பக்கத்தில் வைத்தால் வேப்பிலை மிட்டாய். ஒரு கரண்டி உள்ளே போனது. மகள் முகம் கசக்கிய டிக்கெட் மாதிரி ஆனது. "சாயந்தரம் இன்னொண்ணு," என்றார் தாய். "காலையில மூணாவது." பரிசோதகருக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்!

இரண்டாம் நாள், ஒரு மணல்மேட்டுப் பக்கம்.

"அதோ, உயரமா."

பின்னால் நீளமாக ஒரு கொட்டாவி. தொடர்ந்து ஒரு தும்மல்.

"கலங்கரை விளக்கம். மேல ஒரு பறவை." கழுகுக்கு இப்போது சிறகே முளைத்துவிட்டது. "வெள்ளைப் பறவை. ஒத்தக் கால்ல நிக்குது. இடது கால்."

"இடது காலா!" மனைவி நெஞ்சில் கை வைத்தார். "பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு கண்ணை நான் பாத்ததே இல்லைங்க."

அன்றைக்குப் பூரா பரிசோதகர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே காலால் பிரேக் போட்டுப் பழகினார். கியர் மாற்றுவதாக நினைத்து இரண்டு தரம் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தார்.

மூன்றாம் நாள் காலை. கடலோரத் திடலில் வேனை நிறுத்தித் தங்கியிருந்தார்கள். பரிசோதகர் மடக்கு நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கடல், அதாவது அந்த நீலக் கரைசல். மனைவி பின்னால் வந்து நின்றார். மகள் பக்கத்தில்.

"கடைசிக் கேள்விங்க. நேரா பாருங்க. என்ன தெரியுது?"

இருமல். சாதாரண இருமல் அல்ல. கடைசி ரீல் இருமல், இழுத்து இழுத்து. அப்படியென்றால் பெரிய படகாகத்தான் இருக்கவேண்டும். பரிசோதகர் உற்றுப் பார்த்தார். நீலத்தின் நடுவே ஏதோ இரண்டு காற்றில் உப்பி ஆடின. ஆகா! இந்தத் தடவை அவருக்கே தெரிகிறதே!

"கப்பல்!" என்று எழுந்தே விட்டார். "பாய்மரக் கப்பல். ரெட்டைப் பாய்!"

"ரெட்டைப் பாயா?"

"ரெண்டும் காத்துல எப்படி உப்பி நிக்குது பாரு! கட்டம் போட்ட பாய். எந்த ஊர்க் கப்பலோ, நல்ல ரசனைக்காரன்."

"என்ன வேகத்துல போகுதுங்க?"

"போகல. நங்கூரம் போட்டு நிக்குது."

"கொடி தெரியுதா?"

கொடியா? கப்பல் என்றால் கொடி இல்லாமலா? "ஏன் தெரியாம? பளிச்சுன்னு தெரியுதே, கொடி!"

"எப்படி இருக்கு கொடி?"

"நல்லா இழுத்துக் கட்டியிருக்காங்க."

"நான்தாங்க கட்டினேன்."

"என்னது?"

"அந்தக் கம்பத்துக்கும் வேன் கைப்பிடிக்கும் நடுவுல. காலையில துணி காயப்போட."

பரிசோதகர் டீயும் கையுமாகத் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கப்பல் கிளம்புது, வழி விடுங்க!" துறைமுக ஒலிபெருக்கி மாதிரி அறிவித்துக்கொண்டே மகள் நடந்து போனாள். பன்னிரண்டு அடிதான். இரண்டு கிளிப்பைக் கழற்றினாள். ரெட்டைப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அப்பா மடியில் வைத்தாள். கட்டம் போட்ட பைஜாமா. அவருடையதேதான். இன்னும் லேசாக ஈரம் இருந்தது.

"நீயா? என் பொண்ணா?" என்றார் பரிசோதகர். "படகுன்னா இருமுன்னுதானே சொன்னேன்!"

"ரெண்டு கரண்டி வரைக்கும் உங்க கட்சிதாம்ப்பா. மூணாவது கரண்டியில மாறிட்டேன்."

"அப்ப நேத்து? அந்தப் பறவை?"

"தண்ணித் தொட்டிங்க," என்றார் மனைவி. "பறவையும் இல்ல, இடது காலும் இல்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒண்ணைக் காட்டி என்னன்னு கேட்டா, உலகத்துல எல்லாரும் கண்ணைச் சுருக்குவாங்க. நீங்க மட்டும் காதைத் தூக்கினீங்க."

கைப்பை திறந்தது. பெட்டி திறந்தது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த கண்ணாடி பரிசோதகர் மூக்கில் ஏறி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல் உட்கார்ந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். கடலுக்கு ஓரம் இருந்தது! அலை ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து, மடங்கி, நுரை சிந்தியது. எங்கோ தூரத்தில் ஒரு படகு, அதில் ஒருவர் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். என்ன இழுக்கிறார்? வலையா, கயிறா? அந்தப் பாறை மேல் கறுப்பாக நகர்வது என்ன, நண்டா? அதற்கு எத்தனை கால்? எழுந்து போய் எண்ணிவிட்டு வந்தார். மகள் மூக்கில் ஒரு மச்சம் இருந்தது. மனைவிக்குக் காதோரம் நாலைந்து நரை. அதை மட்டும் சொல்லாமல் விட்டார். அந்த அளவுக்குப் பார்வை தெளிந்திருந்தது.

"எப்படி இருக்குங்க?"

"கொஞ்சம்... பரவாயில்ல," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. உப்புக் காற்று.

நாலாம் நாள். பாறைச் சாலை தொடங்கும் இடத்தில் மனைவி வண்டியை நிறுத்தி இறங்கினார். சாவியைக் கணவர் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா? நான்தான் தோத்துட்டேனே!"

"கண்ணாடி போட்டா சாவின்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

இப்படியும் ஒரு மனைவியா! பரிசோதகர் ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறினார். ஸ்டியரிங்கைத் தடவினார். மனைவி மறுபக்கம் ஏறினார். கடல் பக்கம். செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிப் போட்டுக்கொண்டார். ஜன்னலை முழுசாக இறக்கினார். மடியில் கடலைப் பொட்டலம்.

முதல் வளைவு. சாலை கடலுக்கு மேலே நீண்டது. பரிசோதகர் கழுத்து தானாகவே மனைவி பக்கம் திரும்பியது.

"ரோட்டைப் பாருங்க!"

"ஒரே ஒரு தடவை..."

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் வளைவு. வண்டியில பிள்ளை இருக்கு. ரோட்டைப் பாருங்க." மனைவி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "மூணு நாளா நான் ரோட்டைத்தானே பாத்தேன்? யாராவது ஒருத்தர் கடலைப் பாக்கணும்ல... அடேயப்பா!"

"என்ன? என்ன அது?"

"ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டுங்க."

மேல் படுக்கையிலிருந்து ஒரு இருமல். கூடவே மூன்று விக்கல். சற்றுப் பொறுத்து ஒரு தும்மல்.

நெற்றிக்குக் கீழே புத்தம் புது கழுகுக் கண்ணோடு, பார்வையைச் சாலையிலிருந்து இம்மியும் எடுக்காமல், அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கடலையும் பரிசோதகர் காதாலேயே பார்த்து முடித்தார்.