கிளாக்கர் ஸ்டீபன் வைத்த பொய்வழி

செஸ் ஆடுகிறவர்கள் ஒரு ரகம். ஆயுளில் ஒரு ஆட்டமும் ஆடாமல், ஆளில்லாத பலகையோடு மல்லுக்கட்டிப் புதிர் அமைக்கிறவர்கள் வேறு ரகம். இரண்டாவது ரகத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறுங்கள். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஸ்டீபன், தொலைந்த சிப்பாய்களுக்குப் பதில் ரப்பர் கொட்டைகளை நிறுத்தி, 'வெள்ளை இரண்டே நகர்த்தலில் வெல்ல வேண்டும்' என்று கட்டளையிட்டு, எதிரே மாட்டிய அப்பாவி தப்பான காயைத் தொட்டதும் கண் மின்ன உட்கார்ந்திருப்பார்.

விடையைச் சொன்னால் சந்தோஷப்படுவாரா? மாட்டார். சரியான விடை போலவே தோன்றி ஏமாற்ற அவர் வைத்த பொய்வழியில் நீங்கள் விழ வேண்டும். பொய்வழியில் கறுப்புக் குதிரை குறுக்கே நின்று வெள்ளை ராணியை மறிக்கும். சரியான வழியிலோ அதே குதிரை, அதே இடத்தில் நின்று, தன் ராஜாவுக்கே ஓட இடமில்லாமல் பண்ணிவிடும். கெடுத்த காரணமே கைகொடுக்கும். அதுதான் அவருக்கு உயிர். வீட்டிலும் அப்படியே. போன ஞாயிறு மழை என்று கோயிலுக்குப் போகவில்லை. இந்த ஞாயிறு மழை என்றுதான் போனார், கூட்டம் இருக்காதாம்.

மகள் மேர்சிக்குக் கேகாலையில் டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை போச்சு. ஸ்டீபன் முடியாது என்றார். அவருடைய புதிர்களைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"தூரம் புள்ள. அங்கயே தங்கணும். அதான் வேணாங்கிறேன்."

மேர்சி ஒரு ரப்பர் கொட்டையை உருட்டினாள். "தூரம்னுதாம்ப்பா நான் போறேங்கிறேன். பக்கத்துல இருந்தா உங்க கண்ணப் பாத்தே விடையக் கண்டுபுடிச்சிர்றேன். தூரத்துல இருந்தாத்தானே பொய்வழியில விழுவேன்?"

அடடா! அதே காரணம், அப்படியே தலைகீழாக. ஸ்டீபன் சொக்கிப்போனார். திங்கள் காலை பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்ததும் அவரேதான்.

"வேணாம்னு நின்னீங்களே?" என்றாள் மனைவி ரோசம்மா.

"தூரம்னு வேணாம்னேன். தூரம்னுதான் அனுப்புறேன்."

அன்று மாலையே, தன் புதிர்களில் மகா கொடியதைப் படமெடுத்து போனில் அனுப்பினார். நாலே நிமிடத்தில் சரியான விடை வந்தது. பொய்வழிப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வைத்த பொய்வழியில் விழுந்தது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு வெறிச்சென்று கிடந்தது, பெருமையும் தாங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நேற்று உங்கள் வீட்டில் எதற்கோ 'முடியாது' என்றீர்களே, காரணமும் சேர்த்துச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால், உள்ளே யாரோ அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.